பிள்ளைகள் எழுதட்டும், பெரியவர்கள் உடனிருக்கட்டும்

ஆய்வின் பொருட்டுச் சங்கங்களுக்குச் செல்லுங்கால், பதிவேடுகளைப் பார்த்து முடித்து எழும் வேளையில் அங்கத்தினர்கள் நம்மிடம் எடுத்துரைக்கும் குறைகள் பல. நூல் விலை, கூலி நிலுவை, தவறிய மழை, தாமதப்படும் கொள்முதல் ஆகியவை பற்றிய குறைகள் தொன்றுதொட்டு வருபவை. அண்மைக் காலத்தில் அவற்றோடு வேறொரு குறையும் சேர்ந்துள்ளது. "ஐயா, பையன் எந்நேரமும் கைப்பேசியும் கையுமாகவே இருக்கிறான், தறிப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை" என்பார் ஒருவர். "பெண் ஏதோ எழுதுகிறாளாம், ஊரெல்லாம் படிக்கிறார்களாம், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, அச்சமாக இருக்கிறது" என்பார் மற்றொருவர். இக்குறை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. எனினும் இல்லந்தோறும் இருப்பது. ஆதலின் இம்மாதம் இதனைப் பற்றியே சில கருத்துக்களை அங்கத்தினர் முன் வைக்க விழைகிறோம்.

பதின்மூன்று முதல் பத்தொன்பது வயது வரையுள்ள பிள்ளைகள் தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதிப் பிறர் படிக்க வெளியிட விரும்புவது இயல்பே. முன்னாளில் இவ்விருப்பம் கையெழுத்துப் பத்திரிகை என்னும் வடிவில் வெளிப்பட்டது. நாலு நண்பர்கள் கூடிக் காகிதம் வாங்கி, கையெழுத்து அழகாயுள்ளவன் எழுத, ஓவியம் அறிந்தவன் அட்டைப்படம் வரைய, ஒரே ஒரு படி தெருவெல்லாம் கைமாறிக் கிழிந்து திரும்பி வரும். படித்தவர் யார், பாராட்டியவர் யார், பழித்தவர் யார் என்பதெல்லாம் எழுதியவனுக்குத் தெரியும். இன்று அதே விருப்பம் வலைப்பூ என்னும் வடிவு கொண்டுள்ளது. தமிழில் 2003-ஆம் ஆண்டளவில் அரும்பிய இவ்வழக்கத்தால், அச்சகமும் முதலும் இன்றி எவரும் தமக்கென ஓர் இதழ் நடத்த இயலுகிறது. எழுதும் விருப்பம் மாறவில்லை. படிப்பவர் யார் என்று அறியும் வாய்ப்பே மாறிவிட்டது. கையெழுத்துப் பத்திரிகை ஒரு தெருவுக்குள் உலவியது. வலைப்பூவுக்குத் தெருமுனை என்பதில்லை. நன்மையும் தீமையும் இவ்வொரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

நின்றுபோன ஒரு கட்டுரை

சில ஆண்டுகளுக்கு முன் நாம் அறிந்த ஒரு நிகழ்ச்சியை இங்குக் கூறுதல் தகும். ஊரும் பெயரும் வேண்டா. நெசவாளர் குடும்பத்துப் பெண் ஒருத்தி. பத்தாம் வகுப்பு மாணவி. அவளுடைய பாட்டனார் பாவு பிணைப்பதில் பெயர் பெற்றவர். தறியில் எஞ்சி நிற்கும் பழைய பாவின் இழைமுனை ஒவ்வொன்றோடும் புதிய பாவின் இழையை விரலால் முறுக்கிப் பிணைக்கும் அவ்வேலை எத்துணைப் பொறுமைக்குரியது என்பதை அங்கத்தினர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஆயிரக்கணக்கான இழைகளுள் ஒன்று மாறினும் துணியில் அது தெரியும். பேத்தி பாட்டனார் அருகில் அமர்ந்து, அவர் விரல் எவ்வாறு செல்கிறது, எந்த இழையில் நிறுத்துகிறார், எதனால் நிறுத்துகிறார் என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். இரண்டு பகுதிகள் வெளியாயின. நாமும் படித்தோம். பட்டப் படிப்பு முடித்துப் பணிக்கு வந்த நமக்குத் தெரியாத செய்திகள் அதில் இருந்தன.

ஆனால் அப்பெண் தன் முழுப்பெயரையும், பள்ளியையும், தெருவையும், சீருடையோடு எடுத்த படத்தையும் முதற் பக்கத்திலேயே இட்டிருந்தாள். தீங்கு என்று ஒன்று உண்டென அவளுக்கு எவரும் சொல்லவில்லை. முன்பின் அறியாத ஒருவன் முதலில் பாராட்டி எழுதினான், பின்னர்த் தொலைபேசி எண் கேட்டான், அதன் பின்னர் வேறு படங்கள் கேட்டான், மறுத்தபோது மிரட்டினான். அவள் வீட்டில் சொல்ல அஞ்சினாள். மூன்று வாரம் கழித்துப் பக்கத்து வீட்டார் வாயிலாகத் தந்தையார் அறிந்தார். அறிந்த அன்றே கைப்பேசி பறிக்கப்பட்டது. எழுதிய பக்கமும் வந்த கடிதங்களும் ஒருசேர அழிக்கப்பட்டன. பின்னர் முறையிட எண்ணியபோது காட்டுவதற்குச் சான்று ஒன்றும் மிஞ்சவில்லை. மிரட்டியவனுக்கு யாதொரு துன்பமும் நேரவில்லை. தவறு செய்தவன் ஒருவன். தண்டனை பெற்றவள் மற்றொருத்தி.

தந்தையார் இதனை நம்மிடம் சொல்லியபோது, அவர் செய்தது சரியே என்று நாமும் தலையசைத்தோம். பிறகு பாட்டனார் காலமானார். மூன்றாம் பகுதி எழுதப்படவே இல்லை. இனி எழுதப்படவும் முடியாது. நாம் தலையசைத்தது தவறு என்பதை அன்றுதான் உணர்ந்தோம். இக்கட்டுரை அந்தத் தவற்றுக்கு நாம் செய்யும் ஒரு சிறு திருத்தமாகும்.

இருவகைத் தவறுகள்

இவ்விஷயத்தில் பெற்றோர் இருவகையாகத் தவறுகின்றனர். கருவியை வாங்கித் தந்துவிட்டு, "படித்த பிள்ளை, அதற்குத் தெரியாதா?" என்று விட்டுவிடுவது ஒரு வகை. தீங்கு நேர்ந்ததும், அல்லது நேரும் என்று அஞ்சியதும், எல்லாவற்றையும் தடுத்துவிடுவது மற்றொரு வகை. பார்வைக்கு இவை ஒன்றுக்கொன்று எதிரானவை போல் தோன்றினும், உண்மையில் இரண்டும் ஒன்றே. இரண்டிலும் பெரியவர் பிள்ளையின் அருகில் இல்லை.

தடை விதித்த வீட்டில் பிள்ளை எழுதுவதை நிறுத்துவதில்லை, சொல்வதை நிறுத்திவிடுகிறது. நண்பனின் கருவியில், வேறு பெயரில், எவர் கண்ணிலும் படாமல் தொடர்கிறது. அங்கே துன்பம் வந்தால் யாரிடம் சொல்லும்? "சொன்னால் கைப்பேசி போய்விடும்" என்னும் அச்சமே மிரட்டுபவனுக்குப் பெருந்துணை. ஆகவே பிள்ளைக்கு நாம் அளிக்கத்தக்க முதற் காவல் ஒரு வாக்குறுதியாகும்: "எது நேர்ந்தாலும் எங்களிடம் சொல், சொன்னதற்காக உன்னைத் தண்டிக்க மாட்டோம்." இவ்வாக்கைப் பெற்றோர் கொடுப்பதும், கொடுத்தபின் காப்பதும், மற்றெல்லா விதிகளுக்கும் அடித்தளம்.

இரு சிறுமியர்

பிள்ளைகளின் எழுத்து எதனைச் சாதிக்க இயலும் என்பதற்கும், எத்தகைய துணையை வேண்டுவது என்பதற்கும் உலகறிந்த சான்றுகள் இரண்டைக் கூறுவோம்.

ஸ்காட்லாந்து நாட்டில் லாக்கில்பெட் என்னும் ஊரில் மார்த்தா பெய்ன் என்ற ஒன்பது வயதுச் சிறுமி, 2012-ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில், தந்தையாரின் உதவியோடு ஒரு வலைப்பூ தொடங்கினாள். அவள் எடுத்துக்கொண்ட பொருள் யாது? பள்ளியில் தனக்கு இட்ட மதிய உணவு. நாள்தோறும் தட்டைப் படமெடுத்து, சுவைக்கு எத்தனை மதிப்பெண், உடல்நலத்துக்கு எத்தனை, மொத்தம் எத்தனை வாய் உணவு, அதில் தலைமுடி கிடந்ததா என்பது வரை எழுதினாள். தன் பெயரை இடாமல் புனைபெயரில்தான் தொடங்கினாள். இரண்டு மாதத்துக்குள் இலட்சக்கணக்கானோர் படித்தனர். ஜூன் மாதத்தில் உள்ளூர் ஆட்சி மன்றம் பள்ளியில் படமெடுப்பதைத் தடை செய்தது. மக்களின் கண்டனம் எழுந்ததும் மறுநாளே தடையை விலக்கிக்கொண்டது. அவள் வலைப்பூ வாயிலாகத் திரண்ட நிதி ஓர் இலட்சம் பவுனைக் கடந்து, ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் உணவுக்குப் பயன்பட்டது. சிறுமி எழுதியது பெரிய தத்துவம் அன்று. தன் கண் முன் இருந்த தட்டு. அதனை ஒழுங்காகப் பார்த்தாள், அளந்தாள், உள்ளபடி எழுதினாள். அருகில் தந்தையார் இருந்தார்.

மற்றொரு சான்று பாகிஸ்தானின் சுவாத் பள்ளத்தாக்கினது. மலாலா யூசுப்சாய் 11 வயதில், 2009-ஆம் ஆண்டு ஜனவரி முதல் மார்ச் வரை, ஒரு செய்தியாளர் வாயிலாகப் பி.பி.சி. உருது இணையத்தளத்தில் தம் நாட்குறிப்பை வெளியிட்டார். பெண்கள் பள்ளி செல்லலாகாது என்று தாலிபன்கள் ஆணையிட்ட காலம் அது. "குல் மகாய்" என்ற புனைபெயரே அவருக்கு அப்போது காவல். பின்னர் அவர் இன்னார் என்பது வெளியாயிற்று. 2012 அக்டோபர் 9 அன்று பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் சுடப்பட்டார். உயிர் பிழைத்து, 2014-இல், 17 வயதில், அமைதிக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார். அத்தகைய கொடுஞ்சூழல் நம் பிள்ளைகளுக்கு இல்லை. எனினும் புனைபெயரின் பயனையும், அதன் எல்லையையும் இவ்வரலாறு ஒருங்கே காட்டுகிறது. புனைபெயர் ஒரு கதவு. அது பூட்டு அன்று. அக்கதவுக்குப் பின்னால் துணைவர் இருத்தல் வேண்டும்.

எதனை எழுதுவது?

"எங்கள் பிள்ளைக்கு எழுத என்ன இருக்கிறது?" என்று கேட்பவர் உளர். நகரத்துப் பிள்ளைக்கு இல்லாத பொருட்செல்வம் நெசவாளர் வீட்டிலும் உழவர் வீட்டிலும் குவிந்து கிடக்கிறது. எடுத்துக்காட்டுவார் இல்லாமையே குறை.

விடியுமுன் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சியிடும் காட்சியை ஒரு பிள்ளை எழுதலாம். வெயில் ஏறுமுன் ஏன் முடிக்க வேண்டும், மழைக்காலத்தில் குழித்தறியில் நீர் ஊறினால் வீட்டு அடுப்பில் என்ன நேர்கிறது என்பதை அவன் அறிவான். நூலகத்து நூல்கள் அறியா. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக இணையும் இடத்தை ஒரு பெண் வரைந்து காட்டலாம். பாட்டி தார் சுற்றும் ஓசையைப் பதிவு செய்து, அதன் கீழ் நாலு வரி எழுதலாம். தம் வீட்டுத் தொழிற்சொற்களை மட்டும் ஓர் அகராதியாகத் தொகுக்கலாம். பாவு, ஊடை, அச்சு, விழுது, நாடா, சிட்டம் என்று தொடங்கினால் ஒரு தெருவிலேயே நூறு சொல் தேறும். அவற்றுள் சில அடுத்த தெருவில் வேறு பொருள் தரும். அதுவே ஒரு கட்டுரைக்குப் போதும்.

உழவர் வீட்டுப் பிள்ளையும் அவ்வாறே. மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை, தூயமல்லி, கிச்சிலிச் சம்பா என்னும் பெயர்களைக் கேட்டிருப்பான். அவற்றுள் எதனைத் தன் பாட்டனார் எந்த வயலில் இட்டார், ஏன் விட்டார் என்று கேட்டு எழுதலாம். மஞ்சளை வேகவைத்து உலர்த்தி மெருகேற்றும் வரையுள்ள வேலைகளை நாள்வாரியாகப் படத்தோடு குறிக்கலாம். ஒரு டப்பாவில் மழையை அளந்து ஓராண்டு முழுவதும் எழுதிவைத்தால், ஆண்டு முடிவில் அவ்வூரில் எவரிடமும் இல்லாத கணக்கு ஒன்று ஒரு மாணவனிடம் இருக்கும்.

இவற்றுக்கு வேண்டுவன மூன்றே. முதலாவது, தானே பார்த்தல். இரண்டாவது, கேட்டல், ஒரு செய்தியை மூவரிடம் கேட்டு, மூவரும் வேறுபட்டால் வேறுபாட்டையும் எழுதுதல். மூன்றாவது, எழுதியதை ஒருமுறை உரக்கப் படித்துத் திருத்துதல். இன்று கேட்ட மாத்திரத்தில் கட்டுரை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துள்ளன. பிழை திருத்தவும் ஐயம் கேட்கவும் அவற்றைக் கொள்ளலாம். ஆனால் தன் வீட்டுத் தறிக்குழியின் ஈரத்தை அக்கருவி மிதித்ததில்லை. அது எழுதுவது எல்லோருக்கும் பொதுவான கட்டுரை. பிள்ளை எழுத வேண்டுவது தன் வீட்டுக் கட்டுரை. இவ்வேறுபாட்டை ஒருமுறை காட்டிவிட்டால் பிள்ளைகள் விளங்கிக்கொள்வர்.

தமிழ் எழுத்துக்களை ஆங்கில ஒலியில் தட்டி எழுதும் பழக்கத்தை விட்டு, 1999-இல் வகுக்கப்பட்ட தமிழ் 99 விசைப்பலகையைப் பழகுவது நன்று. ஒரு மாத முயற்சி. வாழ்நாள் முழுதும் பயன்.

காவல் முறைகள்

இனிப் பாதுகாப்பைப் பற்றிச் சொல்வோம். நகைக்கடன் வழங்கும் நம் சங்கங்களில் பெட்டகத்துக்கு இரு சாவிகள் இருப்பதையும், இருவரும் சேர்ந்தாலன்றி அது திறவாமையையும் அங்கத்தினர் அறிவர். ஒருவர் மேல் ஐயம் கொண்டு அன்று, இருவருக்கும் காவலாகவே அவ்வேற்பாடு. பிள்ளையின் வலைப்பூவுக்கும் தொடக்கத்தில் இரு சாவி இருத்தல் வேண்டும். கணக்கைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்தே தொடங்க வேண்டும். வெளியிடுமுன் ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான இணைய நிறுவனங்கள் 13 வயது நிரம்பாதவர் தாமே கணக்குத் தொடங்க இடந்தருவதில்லை. வயதைப் பொய்யாகக் கூறித் தொடங்குவது முதற்படியிலேயே வழுக்குவதாகும். நம் நாட்டில் 2023-இல் இயற்றப்பெற்ற மின்வழித் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கொண்டு, அவர் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவை வேண்டுகிறது.

வெளியிடத் தகாதவை சில உண்டு. முழுப்பெயர், பள்ளிப்பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவை வேண்டா. சீருடையும் பெயர்ப்பட்டையும் தெரியும் படம் வேண்டா. படத்தின் பின்புறத்தைப் பார்க்கப் பழக்க வேண்டும். சுவரில் தொங்கும் ஆதார் நகலும், மேசை மேலுள்ள சங்கப் பாஸ்புத்தகமும், வாயிலின் கதவு எண்ணும் எடுத்தவர் அறியாமலே படத்தில் ஏறிவிடும். கைப்பேசிப் படக்கருவி எடுத்த இடத்தையும் படத்துக்குள் பதிந்துவைக்கக் கூடும். அவ்வமைப்பை அணைத்துவிடல் வேண்டும். "நாளை அனைவரும் பழனிக்குச் செல்கிறோம்" என்பதைத் திரும்பி வந்த பின் எழுதினால் போதும். வீடு பூட்டியிருக்கும் செய்தியைத் தெருவில் எவரும் பறையறைவதில்லை அல்லவா?

படிப்போர் எழுதும் கருத்துக்கள், நாம் பார்த்து ஒப்பிய பின்னரே வெளிவருமாறு அமைக்கலாம். அழைக்கப்பட்டவர் மட்டுமே படிக்குமாறு வைக்கவும் வழியுண்டு. முதல் ஆறு மாதம் உறவினர்க்கும் ஆசிரியர்க்கும் மட்டும் திறந்துவைப்பது அறிவுடைமை. முன்பின் அறியாதவர் தனியே பேச அழைத்தாலும், பரிசு தருவதாகச் சொன்னாலும், படம் கேட்டாலும், "இதனை வீட்டில் சொல்லாதே" என்றாலும், அந்த நாலில் எது வந்தாலும் உடனே வீட்டில் சொல்ல வேண்டும். சிறப்பாக நாலாவது வந்தால் மற்ற மூன்றும் பின்னால் வருகின்றன என்று கொள்ளலாம்.

மிரட்டல் வந்தால் முதலில் எதையும் அழிக்கலாகாது. வந்த செய்திகளைத் திரைப்படியாக எடுத்து, நாளும் நேரமும் குறித்துவைத்த பின்னரே கணக்கைத் தடுக்க வேண்டும். பற்றுச்சீட்டின்றிக் கணக்கு நில்லாது. சான்றின்றி முறையீடும் நில்லாது. பிள்ளைகளுக்கான உதவி எண் 1098. இணையவழிக் குற்றங்களுக்கான எண் 1930. இவ்விரு எண்களையும் சங்க அலுவலகச் சுவரில் எழுதிவைத்தால் செலவு ஒரு துளி வர்ணம். பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம் இணையவழி நிகழும் கொடுமைக்கும் பொருந்தும் என்பதை அங்கத்தினர் நினைவிற் கொள்க.

தன் காவலோடு பிறர் மானத்தையும் காக்கப் பிள்ளைக்குக் கற்பிக்க வேண்டும். அண்டை வீட்டாரின் கடன், உறவினர் வீட்டுப் பூசல், தோழியின் படம் ஆகியவை உரியவர் இசைவின்றி எழுத்தில் ஏறலாகாது. சங்கத்தில் யார் தவணை தவறினார் என்பதை நாம் தெருவில் சொல்வதில்லை. அந்த நாகரிகமே எழுத்துக்கும் வேண்டும். தொழில் தொடர்பான எச்சரிக்கை ஒன்றும் உண்டு. கைத்தறிக்கென 11 வகைப் பொருள்களை ஒதுக்கும் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும், விசைத்தறியில் நகல் எடுப்போர் குறைந்தபாடில்லை. பண்டிகைக்கென வகுத்த புதிய கரையையும் முந்தியையும் விற்பனைக்கு வருமுன் பிள்ளை படமாக வெளியிட்டால், உழைப்பின் பயன் வேறொருவன் கைக்குப் போகும். நெய்யும் முறையை எழுதலாம். நெய்யவிருக்கும் வடிவை எழுதலாகாது.

வலையில் எழுதியது நம் நாள்வழிக் குறிப்பேடு போன்றது. அடித்தாலும் அடித்த தடம் நிற்கும். நாம் அழித்த பின்னும் பிறர் கருவியில் அதன் படி இருக்கும். எனவே சினத்தில் எழுதியதை ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் படித்தபின் வெளியிடுவது எல்லா வயதினர்க்கும் ஏற்ற விதி.

இங்கே பெற்றோர்க்கும் ஒரு சொல். வெளியிடும் எழுத்தைப் படிப்பது நம் உரிமை. பிள்ளை தனக்கென எழுதி மூடிவைத்த குறிப்பேட்டைத் திறப்பது உரிமை ஆகாது. வயது ஏற ஏற இரண்டாம் சாவியைச் சிறிது சிறிதாக ஒப்படைக்கவும் வேண்டும். பதின்மூன்றில் ஒவ்வொரு வரியையும் பார்த்த தந்தை, பதினேழில் கேட்டால் மட்டுமே பார்ப்பவராக இருத்தல் வேண்டும். நாடாவைக் கையில் கொடுத்த பின்னும் மகனின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தால் அவன் எந்நாளும் நெசவாளன் ஆகமாட்டான்.

சங்கம் செய்யத்தக்கது

இவற்றையெல்லாம் எழுத்தறிவு குறைந்த பெற்றோர் தனியே செய்வதெவ்வாறு என்ற கேள்வி எழும். தனியே செய்ய இயலாததைச் சேர்ந்து செய்வதற்கே கூட்டுறவு ஏற்பட்டது. 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21 அன்று இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் முன்னோடிகள் கடை திறந்தபோது அவர்களுள் நெசவாளர் பலர் இருந்தனர். சில ஆண்டுகளிலேயே கடைக்கு மேல்மாடியில் படிப்பகம் ஒன்றை அமைத்தனர். இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரையைக் கல்விக்கென ஒதுக்கினர். மாவும் வெண்ணெயும் வாங்க வந்தவர் பத்திரிகையும் படித்துச் சென்றனர். அவ்வழியிலேயே 1995-இல் அனைத்துலகக் கூட்டுறவு இணையம் வகுத்த ஏழு கொள்கைகளுள் ஐந்தாவது கல்வியையும் பயிற்சியையும் வற்புறுத்தி, இளைஞர்க்குக் கூட்டுறவின் இயல்பை உணர்த்துவதையும் குறிப்பிட்டுக் கூறுகிறது. நம் சங்கங்களும் இலாபத்தில் ஒரு பகுதியைக் கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செலுத்துகின்றன. செலுத்திய இரசீதை மட்டும் கோப்பில் வைத்துவிட்டால் கல்வி வந்துவிடாது.

நாம் முன்மொழிவது சிறியது. சங்கக் கூடத்தில் மாதம் ஒரு மாலை, அங்கத்தினர் இல்லத்துப் பிள்ளைகளுக்கு, ஆண் பெண் என்ற வேறுபாடின்றி, எழுத்து மாலை ஒன்று நடைபெறட்டும். உள்ளூர் ஆசிரியர் ஒருவரும் முதிய நெசவாளர் அல்லது உழவர் ஒருவரும் உடனிருப்பர். முதல் மூன்று மாதம் குறிப்பேட்டில் மட்டும் எழுதுக. அடுத்த மூன்று மாதம், தேர்ந்த பக்கங்களைச் சங்கச் சுவரில் இதழாக ஒட்டுக. கூலி வாங்க வருவோரும் உரம் வாங்க வருவோரும் நின்று படிப்பர், பிழையையும் சொல்வர். தெரிந்த முகங்களின் முன் பாராட்டும் பழிப்பும் பெற்றுப் பழகிய பின், ஏழாம் மாதம், பெற்றோர் இசைவு பெற்றோர் மட்டும் வலைப்பூவுக்குச் செல்க. தெருவில் நீந்தக் கற்றவன் ஆற்றில் இறங்குவது போன்றது அன்று இது. குளத்தில் கற்று ஆற்றில் இறங்குவது போன்றது.

"எழுதினால் சோறு வருமா?" என்று ஒரு முதியவர் நம்மைக் கேட்டார். நேரே வராது என்பதை ஒப்புக்கொள்கிறோம். பிள்ளையின் பக்கத்தை விற்பனை விளம்பரமாக மாற்றுவதும் நமக்கு உடன்பாடன்று. ஆனால் தன் தொழிலைச் சொல்லத் தெரிந்த பிள்ளை, நாளை வேறு தொழிலுக்கே சென்றாலும், தன் வீட்டை இழிவாக எண்ணாது. தறியை விட்டுச் செல்வோர் பெருகிய இந்நாளில், தறி என்ன அறிந்திருந்தது என்பதையாவது எழுதிவைத்துச் செல்லட்டும். அதனை எழுதக் கூடியவர்கள் இன்று பதினைந்து வயதினர். அவர்களுக்குச் சொல்லக் கூடியவர்கள் எழுபதைக் கடந்தவர்கள். இருவரும் ஒரே திண்ணையில் அமர்ந்திருக்கும் காலம் நெடிதன்று.

ஆதலின் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள்நிரலில் இதனை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு தலைவர்களையும் செயலாளர்களையும் கேட்டுக்கொள்கிறோம். பெற்றோரான அங்கத்தினர் அதற்கும் காத்திருக்க வேண்டுவதில்லை. இன்று மாலை வேலை முடிந்ததும் பிள்ளையின் அருகில் அமர்ந்து, "என்ன எழுதுகிறாய்? எனக்குப் படித்துக் காட்டு" என்று கேளுங்கள். கேட்டபின் குறை சொல்லாமல் முழுவதும் கேளுங்கள். அப்பெண்ணின் தந்தையாருக்கு நாம் அன்று சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவே.